பாவர் 4500: திருப்புளி கேட்கும் ஹெல்மெட், யார் தலைக்குப் பொருந்தும்?

ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்களில் பாவர் 4500 ரொம்பப் பழைய ஆள். நைக்கியும் ஹாக்கிக் கருவி நிறுவனமான பாவரும் ஒரே பெயரில் சரக்கு விற்ற காலத்திலேயே அலமாரியில் இருந்த மாடல் இது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஹெல்மெட்களில் பின்மண்டையைப் பிடிக்கும் திருகு வட்டு வந்தது, கருவியே இல்லாமல் விரலால் நகர்த்தும் கிளிப் வந்தது, புதுப்புது ஃபோம்கள் வந்தன. 4500 மட்டும் அப்படியே இருக்கிறது: இரண்டு துண்டு பிளாஸ்டிக் ஓடு, உள்ளே வி.என் ஃபோம், பக்கவாட்டில் ஸ்க்ரூ, காதுக்கு மூடி, தாடைக்கு ஒரு வார். அவ்வளவுதான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலை இந்த ஹெல்மெட்டின் வடிவத்தோடு ஒத்துப்போனால், பொறுமையாக ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்யத் தயாராக இருந்தால், இதைத் தயங்காமல் வாங்கலாம். பின்மண்டை தட்டையாக இருப்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, பின்பக்கப் பிடி உள்ள மாடலைப் போட்டுப் பார்ப்பது நல்லது. காரணம் கீழே வருகிறது.

ஹாக்கி என்றதும் புல்வெளி ஹாக்கி நினைவுக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெனால்டி கார்னரில் போடும் முகமூடி, புல்வெளி கோல்கீப்பரின் ஹெல்மெட், இரண்டுமே வேறு வேலைக்குச் செய்தவை. ஐஸ் ரிங்கில் அவற்றைப் போடக் கூடாது. சைக்கிள் ஹெல்மெட்டும் வேண்டாம். அதற்குள் இருக்கும் வெள்ளை இ.பி.எஸ் (தெர்மாகோல் வகை ஃபோம்) ஒரே அடியில் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்தது. ஒரு முறை நசுங்கினால் திரும்ப எழாது. ஐஸ் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் நாலு தடவை ரிங்கைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் மோத வேண்டி வரும். அடி வாங்கி மறுபடி பழைய நிலைக்கு வரும் ஃபோம்தான் இங்கே தேவை.

வி.என் என்பது வைனைல் நைட்ரைல். கையால் அழுத்தினால் ரப்பர் போல மெல்ல உள்வாங்கி மெல்லத் திரும்பும். தலைச்சூட்டில் கொஞ்சம் இளகி, மண்டையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப உட்காரும். 4500 வசதியாக இருக்கிறது என்று பலரும் சொல்வதற்கு இதுதான் காரணம். இன்னொரு வகை இ.பி.பி. இது எடை குறைவு, விறைப்பு அதிகம், பலமுறை அடி தாங்கும், ஆனால் தலைக்கு ஏற்ப வளையாது. கடையில் போட்ட நிமிடம் இ.பி.பி எப்படி இருந்ததோ, ஆறு மாதம் கழித்தும் அப்படித்தான் இருக்கும். நெற்றியில் ஒரு இடத்தில் குத்தினால் குத்திக்கொண்டேதான் இருக்கும். வி.என்-னில் லேசான அழுத்தம் நாலைந்து பயிற்சியில் தணிய வாய்ப்புண்டு. லேசானதுதான் தணியும். வலிக்கிற அளவுக்கு அழுத்தினால் அது வேறு சைஸ் அல்லது வேறு வடிவம் வேண்டும் என்பதற்கான அறிகுறி.

வி.என்-னுக்கு ஒரு குறையும் உண்டு. குளிரில் விறைக்கும். இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து அப்படியே தலையில் மாட்டினால் ஒரு சைஸ் சிறியது போலத் தோன்றும். அந்த நிலையில் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால், பத்து நிமிட ஆட்டத்தில் ஃபோம் இளகியதும் ஹெல்மெட் ஆடத் தொடங்கும். அளவு சரிசெய்வதை எப்போதும் அறை வெப்பத்தில் செய்யுங்கள்.

அளவு எடுக்க ஒரு தையல்காரர் டேப் போதும். புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலம் விட்டு, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் அதிகம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தின் மேல் சுற்றுங்கள். டேப் முன்னும் பின்னும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். மூன்று தடவை எடுத்து, பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். சில அட்டவணைகள் செ.மீ-யில் இருக்கும், சில தொப்பி அளவில் இருக்கும். தொப்பி அளவு என்பது சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 3.14-ஆல் வகுத்த எண். 57 செ.மீ தலை என்றால் 22.4 அங்குலம், தொப்பி அளவு 7 1/8. முடியை எப்படிக் கட்டிக்கொண்டு ஆடுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு அளவெடுங்கள். கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணிக்கக் கூடாது. கழுத்தோரம் தாழ்வாகக் கட்டிய பின்னலோ குதிரைவாலோ தொந்தரவு செய்யாது.

சுற்றளவு பாதிக் கதைதான். மேலிருந்து பார்த்தால் சிலருடைய தலை உருண்டையாக இருக்கும், சிலருடையது முன்பின் நீண்டு பக்கவாட்டில் ஒடுங்கி முட்டை போல இருக்கும். இருவருக்கும் 57 செ.மீ வரலாம், ஒரே ஹெல்மெட் இருவருக்கும் பொருந்தாது. 4500-இல் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றையொன்று விட்டு விலகும். அதாவது நீளம் மட்டும்தான் கூடும். அகலம் மாறாது. பொட்டுப் பக்கம் (கண்ணுக்கும் காதுக்கும் நடுவே) இறுக்கினால் அதைச் சரிசெய்ய இந்த ஹெல்மெட்டில் வழியே இல்லை. உருண்டைத் தலைக்காரர்கள் அந்த இறுக்கம் போகட்டும் என்று பெரிய சைஸுக்குத் தாவுவார்கள். அப்போது நெற்றியிலும் பின்னாலும் இடம் காலியாகிவிடும். அந்தத் தலைக்கு வேறு மாடல்தான் சரி.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், எந்த சைஸில் ஸ்க்ரூ தன் தடத்தின் (அது முன்னும் பின்னும் நகரும் நீள் துளையின்) நடுப்பகுதியில் நிற்கிறதோ அதை எடுங்கள். தடத்தின் கடைசி வரை திறந்த சிறிய ஹெல்மெட்டில் இரு துண்டுகளும் சேருமிடத்தில் ஃபோம் விட்டுப்போகும். கடைசி வரை மூடிய பெரிய ஹெல்மெட்டில் ஃபோமின் ஓரங்கள் ஒன்றோடொன்று முட்டி மண்டையில் ஒரு வரப்பு போல உறுத்தும். குழந்தைகளுக்கு வாங்கும்போது அடுத்த வருஷமும் ஆகட்டுமே என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது மிகப் பெரிய தவறு. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பதே வளரும் தலைக்காகத்தான். இப்போது ஆடாமல் நிற்கிற சைஸை எடுத்து, வளர வளரத் திறந்துகொள்ளுங்கள்.

மாட்டுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 2-ஆம் எண் ஸ்டார் திருப்புளியை எடுங்கள். சின்ன முனையைப் போட்டால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், பிறகு கழற்றவே முடியாது. பக்கவாட்டு ஸ்க்ரூக்களை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினால் போதும், வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கு உள்பக்கம் ஃபோமுக்கு அடியில் ஒரு நட் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்ரூவோடு சேர்ந்து அதுவும் சுற்றினால், உள்ளே கையை விட்டுக் கட்டைவிரலால் நட்டை ஓட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

ஹெல்மெட்டை முழுவதும் திறந்து, மட்டமாகத் தலையில் வையுங்கள். முன் ஓரம் புருவத்துக்கு மேல் ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். பலர் முடி தெரியும்படி பின்னுக்குத் தள்ளிப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் நெற்றிதான் முதலில் அடி வாங்கும். இப்போது முன்துண்டை நெற்றியோடு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்துண்டை முன்னுக்குத் தள்ளுங்கள். சுற்றிலும் ஃபோம் தோலைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, இரு பக்கமும் தடத்தில் ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருந்தால் ஹெல்மெட் கோணலாக உட்காரும். ஆட்டத்தில் அது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, இடது வலது என்று மாறி மாறி இறுக்குங்கள்.

பிறகு தாடை வாரைப் பூட்டாமல் தலையை ஆமாம் இல்லை என்று வேகமாக ஆட்டிப் பாருங்கள். தலையோடு ஹெல்மெட்டும் திரும்ப வேண்டும். தலை திரும்பி ஹெல்மெட் பின்தங்கினால் தளர்வு. இன்னொரு சோதனை: இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல இடம் வலமாகத் திருப்பும்போது நெற்றித் தோலும் புருவமும் சேர்ந்து நகர வேண்டும். தோல் அசையாமல் ஃபோம் மட்டும் வழுக்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.

அடுத்தது எல்லாரும் விட்டுவிடுகிற சோதனை. 15 நிமிடம் ஹெல்மெட்டைத் தலையில் வைத்தபடியே இருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். ஒரு காதோரம் தொடங்கி மறு காதோரம் வரை சீரான பட்டையாகத் தடம் விழுந்திருந்தால் நல்லது. நடுநெற்றியில் மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு ஆழமான தடமும் இரு ஓரமும் வெறுமையாகவும் இருந்தால், உங்கள் தலையை விட ஹெல்மெட் உருண்டையானது. பொட்டு இரண்டிலும் ஆழமாக, நடுவில் ஒன்றுமில்லை என்றால் ஹெல்மெட் ஒடுக்கமானது. தோலில் நிறம் மாறுவது தெரியாவிட்டால் விரல் நுனியால் தடவுங்கள், பள்ளம் கைக்குத் தெரியும்.

இனி பின்பக்கம். 4500-இன் பெரிய குறை இங்கேதான். பின்மண்டையின் கீழ்ப்பகுதியில் ஒரு புடைப்பு உண்டு. பின்பக்கப் பிடி உள்ள ஹெல்மெட்கள் அந்தப் புடைப்புக்குக் கீழே கவ்விக்கொள்ளும். பாவரின் சொந்த ரீ-ஆக்ட் வரிசையில் அது இருக்கிறது. 4500-இல் அப்படி எதுவும் இல்லை, ஓட்டின் வளைவும் ஃபோமும்தான் பிடிக்க வேண்டும். புடைப்பு நன்றாக இருக்கிற தலையில் இது கச்சிதமாக உட்காரும். தட்டையான பின்மண்டையில் கீழ் ஓரத்துக்கும் தலைக்கும் நடுவே விரல் புகும் அளவுக்கு இடைவெளி விழும். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடைவெளி போகாது, நெற்றிதான் வலிக்கும். பின்னால் விழுந்து தலை ஐஸில் மோதுவது இந்த விளையாட்டின் மிக மோசமான அடிகளில் ஒன்று. அந்த நேரத்தில் ஹெல்மெட் முன்னால் சரிந்தால் பின்மண்டை வெறுமையாகிவிடும். ஒட்டுஃபோம் வாங்கி இடைவெளியை அடைப்பது தீர்வாகாது. தயாரிப்பாளர் தராத எதையும் உள்ளே ஒட்டினால் சான்றிதழும் போய்விடும்.

விரலால் நகர்த்தும் கிளிப் உள்ள ஹெல்மெட்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வியர்வை உப்பு படிந்து கிளிப் இறுகும், அல்லது பல்லு தேய்ந்து ஆட்டத்தின் நடுவே தானாகத் திறக்கும். ஸ்க்ரூ இந்த விஷயத்தில் நம்பகமானது. ஒரு முறை இறுக்கினால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆனால் ஒரே ஹெல்மெட்டை வீட்டில் இரண்டு பேர் மாற்றிப் போடுவதாக இருந்தால் 4500 வேண்டவே வேண்டாம்.

தாடை வார்: பூட்டியதும் தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் கூடாது. வாயை அகலத் திறந்தால் ஹெல்மெட் கீழே இழுபடுவதை உணர வேண்டும். தொங்கட்டானாக வாரை விட்டுக்கொண்டு ஆடும் பழக்கம் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பரவியது. முதல் மோதலில் ஹெல்மெட் கழன்று, இரண்டாவது மோதல் வெறும் தலையோடு ஐஸில் என்றால் அந்த ஹெல்மெட் இருந்து என்ன பயன்? 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் தலை ஐஸில் மோதி இறந்தார். அவர் ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகும் 1979-இல்தான் என்.ஹெச்.எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) புதிதாக ஒப்பந்தம் போடும் ஆட்டக்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. முன்பே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு விலக்கு இருந்ததால், கடைசியாக ஹெல்மெட் இல்லாமல் ஆடிய கிரெய்க் மெக்டாவிஷ் ஓய்வு பெற்றது 1997-இல்.

கம்பிக் கூண்டோடு சேர்த்தும் 4500 கிடைக்கிறது. கூண்டு தனியாக வாங்கினால் ஹெல்மெட்டின் சைஸோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், முடிந்தால் அதே தயாரிப்பாளருடையதை வாங்குங்கள். தாடைக் கிண்ணம் தாடை முழுவதையும் தொட்டு உட்கார வேண்டும். கூண்டைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். ஹெல்மெட் நெற்றியை விட்டு எழும்பினால் கூண்டு உங்கள் முகத்துக்குக் குட்டை. கிண்ணம் தாடையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் கூண்டு நெட்டை. வார்களைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்யலாம், கம்பியை வளைத்து ஒருபோதும் செய்யக் கூடாது. பக்கவாட்டில் கம்பி உட்காரும் ஜே வடிவக் கிளிப்களைப் பூட்ட மறப்பவர்கள் அதிகம். அவை இல்லாவிட்டால் பக்கவாட்டு அடியில் கூண்டு சுழன்று கன்னத்தில் குத்தும்.

பாதி வைசர் (கண்ணுக்கு முன்னால் மாட்டும் ஒளிபுகும் தடுப்பு) என்றால் கீழ் ஓரம் மூக்கின் நுனி வரை வர வேண்டும். மேலே ஏற்றி மாட்டினால் பக் (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) கீழிருந்து நுழைந்து கண்ணுக்குப் போகும். வைசர் பாலிகார்பனேட், அதன் ஓட்டைகளில் ரப்பர் வாஷர் கட்டாயம். வாஷர் இல்லாமல் இறுக்கினால் ஓட்டையைச் சுற்றி முடி போன்ற விரிசல் கிளம்பும். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் திரவப் பசையையும் இங்கே பயன்படுத்த வேண்டாம், பாலிகார்பனேட்டை அது வெடிக்க வைக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சர்வதேச விதிப்படி முழு முகக் காப்பு வேண்டும், பாதி வைசர் போதாது.

சான்றிதழைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதை விட ஹெல்மெட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஹெச்.இ.சி.சி என்பது அமெரிக்க முத்திரை, ஏ.எஸ்.டி.எம் எஃப்1045 தரத்தின்படி. சி.எஸ்.ஏ கனடாவுடையது. ஹெச்.இ.சி.சி சான்றிதழ் தயாரித்த மாதத்திலிருந்து ஆறரை வருஷம் செல்லும். வாங்கிய நாளிலிருந்து அல்ல. அலமாரியில் இரண்டு வருஷம் தூங்கிய 4500-ஐத் தள்ளுபடியில் வாங்கினால் மீதி நாலரை வருஷம்தான். பழைய மாடல் என்பதால் இதில் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட் அடிப்பது, புது ஓட்டை போடுவது, காது மூடியைக் கழற்றுவது எல்லாம் அந்தச் சான்றிதழைச் செல்லாததாக்கும்.

இந்தத் தரச் சோதனைகள் முக்கியமாகப் பார்ப்பது நேரான அடியில் தலை எவ்வளவு வேகமாக நிறுத்தப்படுகிறது என்பதை. மண்டை பிளக்காமல் காப்பதே நோக்கம். மூளை அதிர்ச்சிக்குப் பெரிய காரணமான தலைச் சுழற்சியை, ஹெல்மெட்களுக்கு நட்சத்திரம் கொடுத்து மதிப்பிடும் தன் பட்டியலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 2015-இல் முதல் பட்டியல் வந்தபோது சோதித்த 32 ஹெல்மெட்களில் ஒன்றுகூட நாலு நட்சத்திரத்தைத் தொடவில்லை. அதன் பிறகு வந்த மாடல்கள் முன்னேறியிருக்கின்றன. நட்சத்திரத்தை முதன்மையாக வைத்து வாங்குபவர்கள் 4500-ஐ விடப் புதிய வடிவமைப்புகளைப் பார்ப்பதே நியாயம், இதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் நல்ல நட்சத்திரம் வாங்கிய ஹெல்மெட் தலையில் ஆடினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை, ஆய்வகத்தில் அதைப் பொருத்தமான பொம்மைத் தலையில் கச்சிதமாக மாட்டித்தான் அடித்தார்கள். எந்த ஹெல்மெட்டும் மூளை அதிர்ச்சியை முழுமையாகத் தடுக்காது என்று தயாரிப்பாளர்களே எழுதி ஒட்டுகிறார்கள்.

பழையது வாங்குவதானால் தேதியைப் பார்த்த பிறகு, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக் சோர்ந்துவிட்டது. உள்ளே ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அல்லது ஓரம் ஓட்டிலிருந்து உரிந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஹெல்மெட்டைப் பைக்குள் திணிக்காமல் வெளியே எடுத்து, வாய் மேலிருக்கும்படி வைத்துக் காய விடுங்கள். வெயிலும் ஹீட்டரும் வேண்டாம், ஃபோமை ஒட்டிய பசை இளகும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் லேசான சோப்பும் போதும். பெட்ரோல், தின்னர் போன்றவை ஓட்டின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு தடவை எல்லா ஸ்க்ரூவிலும் திருப்புளியை வைத்துக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்தது தெரிந்தால் அப்போதே மாற்றுங்கள், ஒரு பருவம் முழுக்க விட்டால் நட்டோடு ஒன்றாகி, ஸ்க்ரூவை அறுத்துத்தான் எடுக்க வேண்டி வரும். மாற்று ஸ்க்ரூவும் வாஷரும் திருப்புளியும் ஒரு சின்ன டப்பாவில் பையின் ஓரத்தில் இருக்கட்டும். கூண்டின் மேல் ஸ்க்ரூதான் பெரும்பாலும் முதலில் கழலும், அதில் இரண்டு கூடுதலாக வையுங்கள்.